பேக்கப் பெட்டி செட்டிங்: வாசகர் கேள்வி – பதில்

கணினிகளில் உள்ள டேட்டாவின் நகலைச் சேமித்துவைக்க, அலுவலகத்தில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப் பெட்டியைப் பற்றிக் கொங்கு வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஊரும் தொழிலும் வேறுவேறு என்றாலும் பல கேள்விகளுக்கு அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான்: பெட்டி வேலையை நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. அதனால் கோளாறு வந்தால் உடனே வெளியே தெரியும்படி எந்த செட்டிங்கை எப்படி வைப்பது என்பதற்கே பதில்களில் அதிக இடம் தந்திருக்கிறோம். பெட்டிக்குப் பெட்டி திரை மாறும். செட்டிங்கின் பெயர் பெரும்பாலும் மாறாது.

நாலு டிஸ்க் போடுற நாஸ் பெட்டி வாங்கினோமுங்க. கொண்டு வந்தவங்க ஒரே நாள்ல மாட்டிட்டுப் போயிட்டாங்க. அடிக்கடி பேக்கப் நின்னு போகுது. சர்வர்ல பார்த்தா பாதை கிடைக்கலைன்னு வருது. முதல்ல இருந்து செட்டிங் பண்ணணும்னா எந்த வரிசையில பண்ணுறதுங்க?
— பனியன் கம்பெனி கணக்காளர், திருப்பூர்

உங்கள் நாஸ், அதாவது நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி, ரௌட்டரிடமிருந்து தானாக ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) வாங்குகிறது என்று தோன்றுகிறது. கரண்ட் போய் வந்து ரௌட்டர் திரும்ப எழும்போது பெட்டிக்கு வேறு எண் கிடைத்துவிடும். சர்வரில் உள்ள பேக்கப் வேலை பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். பெட்டியின் இப்போதைய எண்ணையும் பேக்கப் வேலையில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

புதிதாகச் செய்வதென்றால் முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடுங்கள். டிஸ்க்கில் டேட்டா ஏறும் முன் இதைச் செய்வது எளிது. அடுத்தது நிலையான ஐபி. ரௌட்டர் தானாகக் கொடுக்கும் எண்கள் 192.168.1.100 முதல் 200 வரை என்றால், பெட்டிக்கு அந்த எல்லைக்கு வெளியே, உதாரணமாக 192.168.1.20 என்று வையுங்கள். எல்லைக்கு உள்ளேயே ஒரு எண்ணை நிலையாக வைத்தால், ஒருநாள் அதே எண்ணை ரௌட்டர் யாருடைய செல்போனுக்காவது கொடுத்துவிடும், இரண்டும் மோதும். பெட்டியில் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருந்தால், வெளியே போகும் வழியைச் சொல்லும் கேட்வே முகவரியை ஒன்றில் மட்டும் போடுங்கள். இரண்டிலும் போட்டால் பதில் எந்த வழியாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. விட்டு விட்டு வரும் கோளாறுகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது டிஎன்எஸ், அதாவது பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைத் தேடித் தரும் சர்வரின் முகவரி. இதைத்தான் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். டிஎன்எஸ் இல்லாவிட்டாலும் அலுவலகத்துக்குள் பேக்கப் ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பெட்டியால் மெயில் சர்வரையும், நேர சர்வரையும், ஃபர்ம்வேர் தரும் தளத்தையும் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க் ஒன்று பழுதானால் எச்சரிக்கை மெயில் வெளியே போகாது. பெட்டி விண்டோஸ் டொமைனில் சேர்ந்திருந்தால் டிஎன்எஸ் இடத்தில் டொமைன் கண்ட்ரோலரின் (எல்லாருடைய லாகினையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் சர்வர்) எண் மட்டுமே இருக்க வேண்டும்; இரண்டாவதாக வெளி டிஎன்எஸ் ஒன்றைச் சேர்த்தால் லாகின் சில நேரம் மட்டும் தோற்கும்.

பெட்டியின் பெயரை 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் வையுங்கள். அதன்பின் நேரம், எச்சரிக்கை மெயில், யுபிஎஸ், கடைசியாகத்தான் டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக அமைப்பதும் ஷேர் ஃபோல்டரும். மாட்டித் தருபவர்கள் ஷேர் ஃபோல்டரை முதலில் போட்டு, காப்பி ஆகிறது என்று காட்டிவிட்டுப் போய்விடுவதால்தான் மற்றவை அப்படியே நின்றுபோகின்றன.

மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தின மறுநாள் பெட்டியில தேதி பல வருசம் பின்னாடி போய் நின்னுதுங்க. நாங்களே சரி பண்ணிட்டோம். அடுத்த நாள் பார்த்தா புதுசா எடுத்த பேக்கப்பைக் காணோம். பெட்டி தறிக்கூடத்துக்குப் பக்கத்து ரூம்லதான் இருக்கு.
— விசைத்தறி உரிமையாளர், சோமனூர்

பெரும்பாலான பெட்டிகளின் மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். அதன் மேல் சிஆர் 2032 என்று அச்சிட்டிருக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் முழுதாக நின்று வரும் ஒவ்வொரு முறையும் பெட்டி தொழிற்சாலைத் தேதிக்குப் போய்விடும். பெட்டியை அணைத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். பெட்டி வாங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தால் கோளாறு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

காணாமல் போனதற்குக் காரணம் இதுதான். கடிகாரம் பின்னால் போயிருந்தபோது எடுத்த பேக்கப்புக்குப் பழைய தேதி விழுந்தது. நீங்கள் கடிகாரத்தைச் சரிசெய்ததும், முப்பது நாளுக்கு மேல் பழையதை நீக்கு என்ற விதி அந்தப் பேக்கப்பைப் பல வருடப் பழசு என்று எண்ணி நீக்கிவிட்டது. இனி இப்படி நடந்தால் முதலில் நீக்கும் விதியை நிறுத்தி வையுங்கள். பிறகு கடிகாரத்தைச் சரிசெய்து, ஒரு முழு பேக்கப் எடுத்து முடித்து, அதன்பிறகே விதியை ஓடவிடுங்கள்.

நேரத்தைக் கையால் வைப்பதை விட்டுவிட்டு என்டிபி என்னும் நேர சர்வரோடு இணைத்துவிடுங்கள். முதலில் டைம் ஜோன்: பட்டியலில் ஏசியா, கொல்கத்தா என்றோ, சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்றோ இருக்கும், பிளஸ் 5.30. அதன்பின் நேர சர்வர். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரும், தேசியத் தகவலியல் மையமான என்ஐசியின் சமய் 1, சமய் 2 ஆகிய சர்வர்களும் இருக்கின்றன. ஒன்று பதில் தராவிட்டாலும் மற்றொன்று கைகொடுக்க இரண்டாவது போட்டு வையுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் நேரத்தை இவற்றோடு ஒத்துவைக்க வேண்டும், கணினியின் லாக் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். சர்வர் பெயரைப் போட்ட பிறகும் நேரம் ஒத்துவரவில்லை என்றால், ஃபயர்வாலில் என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் வெளியே போக அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். டொமைனில் சேர்ந்த பெட்டி என்றால் டொமைன் கண்ட்ரோலரையே நேர சர்வராகக் காட்டுவது நல்லது. இரண்டுக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லாகினே மறுக்கப்படும்.

இன்னொன்று. தறியின் அதிர்வு சுவர், தரை வழியாக டிஸ்க்குக்கு வரும். டிஸ்க்கின் எழுதும் முனை தன் தடத்தை விட்டு நழுவி, திரும்பத் திரும்ப முயலும். பேக்கப் காரணமில்லாமல் மந்தமாவது இதன் முதல் அடையாளம். தறிக்கூடத்துச் சுவரில் அடித்த ஸ்டாண்டில் பெட்டியை வைக்காதீர்கள். வேறு தளம் அல்லது வேறு கட்டடம் சிறந்தது. முடியாவிட்டால் தறிக்கூடச் சுவரைத் தொடாத தனி மேசை, அடியில் தடித்த ரப்பர். பின்பக்க ஃபேனை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: வலையில் பஞ்சுத் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும், விரலால் ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம். தறிகள் ஓடும் ஊரில் மாதம் ஒருமுறை இதைச் சுத்தம் செய்ய வேண்டும். டிஸ்க் வெப்ப எச்சரிக்கையை 50 டிகிரியில் வையுங்கள். பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மேல் எல்லை 60தான். அதுவரை காத்திருந்தால் நடவடிக்கை எடுக்க நேரம் இருக்காது.

எச்சரிக்கை மெயில் செட்டிங்ல ஜிமெயில் பாஸ்வேர்டு சரியாத்தான் போட்டிருக்கோம். டெஸ்ட் மெயில் போகவே மாட்டேங்குது.
— கோழிப்பண்ணை அலுவலகம், நாமக்கல்

ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்டை இப்படிப்பட்ட பெட்டிகளில் போட்டால் 2022 மே 30 முதல் சாதாரணக் கணக்குகளில் ஏற்பதில்லை. அந்தக் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்குங்கள். 16 எழுத்து வரும். இடைவெளி விடாமல் பெட்டியில் ஒட்டுங்கள். போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். போர்ட் 25 வேண்டாம், இணைய நிறுவனங்கள் பலவும் அதை அடைத்து வைத்திருக்கும். அனுப்புநர் முகவரியில் அதே ஜிமெயில் முகவரியையே போடுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செல்லாமல் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெறுநராக இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் மெயில் படிக்க ஆள் இருக்கும். பேக்கப் தோற்றால் மட்டும் மெயில் என்று வைக்காமல், வாரம் ஒருமுறை எல்லாம் நலம் என்ற அறிக்கையும் வரும்படி வையுங்கள். திங்கள்கிழமை காலை அது வரவில்லை என்றால் மெயிலோ பெட்டியோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

பெட்டிக்கு யுபிஎஸ் போட்டிருக்கோம். ஆனாலும் கரண்ட் போயி வந்தா சில தடவை டிஸ்க் செக் பண்ணச் சொல்லுது. ஜெனரேட்டர் ஓடும்போது யுபிஎஸ் கீக் கீக்னு கத்திக்கிட்டே இருக்குதுங்க.
— பிராசசிங் ஆலை, பெருந்துறை

யுபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்குக் கரண்ட் ஒயர் போவது மட்டும் போதாது, தகவல் ஒயரும் போக வேண்டும். யுபிஎஸ்ஸின் பின்புறம் யுஎஸ்பி போர்ட் இருந்தால் அதிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள் இணைத்து, யுபிஎஸ் செட்டிங்கை இயக்குங்கள். அது இல்லாமல் கரண்ட் போன விவரமே பெட்டிக்குத் தெரியாது. பேட்டரி தீரும் நொடிவரை எழுதிக்கொண்டே இருந்து பொத்தென்று நிற்கும். அதனால்தான் மறுமுறை எழும்போது டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்கிறது.

பேட்டரி குறைந்தால் அணை என்பதைவிட, கரண்ட் போய் 5 நிமிடம் ஆனால் அணை என்று வைப்பதே நல்லது. பழைய பேட்டரி 40 சதவீதம் என்று காட்டிவிட்டு அடுத்த நிமிடம் படுத்துவிடும். சதவீதத்தை நம்ப முடியாது. காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 4 மணிக்கு மேல் விடும் பராமரிப்பு நாளில் எப்படியும் யுபிஎஸ் தாங்காது, சீக்கிரம் முறையாக அணைந்துவிடுவதே பத்திரம். அதே யுபிஎஸ்ஸில் சர்வரும் இருந்தால் முதலில் சர்வர், அது அணைந்த பிறகு பெட்டி என்ற வரிசையில் நேரத்தைப் பிரியுங்கள். சர்வர் தன் கடைசி ஃபைலைப் பெட்டியில் எழுதி முடிக்க அந்த இடைவெளி வேண்டும். கரண்ட் வந்தால் தானாக எழு என்ற செட்டிங்கையும் பாருங்கள். அது இல்லாததால் பராமரிப்பு நாளுக்குப் பின் வாரக்கணக்கில் அணைந்தே கிடக்கும் பெட்டிகள் உண்டு.

ஜெனரேட்டரில் கத்துவதற்குக் காரணம், ஜெனரேட்டர் கரண்டின் அலைவெண் சுமை ஏறி இறங்கும்போது 50 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்காததுதான். லைன் இன்டராக்டிவ் வகை (கரண்ட் நன்றாக இருக்கும்வரை பேட்டரிக்குப் போகாத வகை) யுபிஎஸ் அதைக் கெட்ட கரண்ட் என்று கருதி மாறி மாறிப் பேட்டரிக்குப் போகிறது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துவிடுவது இப்படித்தான். யுபிஎஸ்ஸில் உணர்திறன் செட்டிங் இருந்தால் குறைத்து வையுங்கள். இல்லையென்றால், வரும் கரண்டை நேராக விடாமல் எப்போதும் தானே மாற்றித் தரும் ஆன்லைன் வகை யுபிஎஸ்தான் சரியான தீர்வு. செட்டிங் முடிந்ததும் பேக்கப் ஓடாத நேரமாகப் பார்த்து, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு நின்று பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பெட்டி தானாக அணைய வேண்டும், சுவிட்சைப் போட்டதும் தானாக எழ வேண்டும்.

எங்களிடம் இருப்பது டீடூப் வசதியுள்ள பேக்கப் அப்ளையன்ஸ். பழைய பேக்கப்புகளை நீக்கியும் இடம் திரும்பவில்லை. இருபது மடங்கு சுருங்கும் என்றார்கள். மூன்று மடங்குகூட வரவில்லை.
— பம்ப் தொழிற்சாலையின் கணினிப் பிரிவு, கோவை

முதல் பாதிக்குப் பதில் எளிது. டீடூப் என்றால் திரும்ப வரும் டேட்டாவை ஒருமுறை மட்டும் சேமிப்பது. அந்தப் பெட்டியில் ஒரே துண்டு டேட்டாவைப் பல பேக்கப்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றை நீக்கும்போது பெட்டி குறிப்பை மட்டும்தான் நீக்கும்; எவரும் பயன்படுத்தாத துண்டுகளைத் தேடி அழிப்பது கிளீனிங் என்ற தனி வேலை. டேட்டா டொமைன் என்ற பிராண்டுப் பெட்டிகளில் அது வாரம் ஒருமுறை, செவ்வாய் காலை 6 மணிக்கு, பாதி வேகத்தில் ஓடும்படி வந்திருக்கும். உங்கள் பேக்கப் இரவில் தொடங்கிச் செவ்வாய் காலையிலும் ஓடுகிறதென்றால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும். ஞாயிறு பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிளீனிங் முடிந்தும் இடம் வரவில்லை என்றால் பழைய ஸ்நாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே காத்துவைக்கும் பதிவு) ஏதோ ஒன்று துண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும், அல்லது வெளியூர்ப் பெட்டிக்கு இன்னும் போய்ச் சேராத நகல் நிற்கும். இரண்டையும் பாருங்கள். நூறு சதவீதம் நிறைந்தால் எழுதுவது நின்றுவிடும், சுத்தம் செய்யவும் வேலையிடம் இருக்காது. அதனால் 80 சதவீதத்திலேயே எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

இரண்டாம் பாதிக்குக் காரணம் அநேகமாகப் பெட்டிக்கு வெளியே இருக்கும். டேட்டா வரும்போதே சுருக்கப்பட்டோ குறியாக்கம் செய்யப்பட்டோ வந்தால், நேற்றைய ஃபைலும் இன்றைய ஃபைலும் உள்ளே ஒன்றாக இருந்தாலும் பெட்டியின் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியும். எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் இருந்தால் அதில் பேக்கப் சுருக்கத்தை நிறுத்துங்கள். வீம் என்ற பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்தினால், அதில் ரெப்பாசிட்டரி எனப்படும் சேமிப்பிடத்தின் கூடுதல் செட்டிங்கில், சேமிக்கும் முன் சுருக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். குறியாக்கம் வேண்டுமென்றால் அப்ளையன்ஸிலேயே இயக்குங்கள். டீடூப் முடிந்த பிறகுதான் அது குறியாக்கும்.

சிசிடிவி பதிவையும் புகைப்படங்களையும் இந்தப் பெட்டிக்குள் விடாதீர்கள். அவை ஏற்கெனவே சுருங்கியவை, ஒன்றுபோல் ஒன்று இராது. விலை உயர்ந்த இடத்தை அடைத்துக்கொண்டு பலன் எதுவும் தராது. சாதாரண நாஸ் பெட்டி ஒன்றே அதற்குப் போதும். இன்னொன்று, இருபது மடங்கு என்பது தினமும் முழு பேக்கப் எடுத்து பல வாரம் வைத்திருப்பவர்களுக்கு வரும் கணக்கு. இரண்டு வாரம் மட்டும் வைத்திருந்தால், அதிலும் மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் வகை என்றால், திரும்பத் திரும்ப வரும் டேட்டாவே குறைவு. நாலைந்து மடங்கு வந்தாலே திருப்திப்படலாம்.

மஞ்சள் மண்டி நடத்துறோமுங்க, பிரைவேட் லிமிடெட். டேலி டேட்டாவை எத்தனை நாள், எத்தனை வருசம் வெச்சிருக்கோணும்? பெட்டியில அதை எப்படிப் போடுறது?
— மண்டி உரிமையாளர், ஈரோடு

சட்டத்திலிருந்து தொடங்குவோம். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் என்கிறது. கணினியில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும்; அவ்வப்போது என்று இருந்ததை 2022 ஆகஸ்ட்டில் தினமும் என்று மாற்றினார்கள். ஆக, தினசரி பேக்கப் உங்களுக்கு விருப்பம் சார்ந்த விஷயம் அல்ல.

பெட்டியில் இதற்குப் படிநிலை வைப்பு என்ற அமைப்பு இருக்கும். தினசரி 14, வாராந்தரம் 8, மாதாந்தரம் 12, வருடாந்தரம் 9 என்று போடுங்கள். வருட நகலை மார்ச் 31 அன்று எடுப்பதில் பயன் குறைவு. ஆடிட்டர் பதிவுகளை முடித்த பிறகு, தாக்கல் எல்லாம் ஆனதும் எடுங்கள். அதைத் தானாக நீக்கும் விதிக்கு வெளியே தனி ஃபோல்டரில் வையுங்கள். டேலி டேட்டா அளவில் சின்னது, தாராளமாக வைத்திருக்க இடம் போதும்.

நேரத்தில்தான் கவனம் வேண்டும். யாராவது டேலியில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுத்தால், ஒரு ஃபைல் பதிவுக்கு முந்தியதாகவும் இன்னொன்று பிந்தியதாகவும் வந்து சேரும். பெட்டி வெற்றி என்றே காட்டும். திறக்கும்போதுதான் டேலி மறுக்கும். மண்டி அடைத்த பிறகு, இரவு 11 மணிக்கு வையுங்கள். டேலி திறந்தே கிடக்கும் கணினிகள் உண்டென்றால், அதற்கு முன் அவற்றை அணைக்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

மாதம் ஒருநாள், பெட்டியிலிருந்து ஒரு நகலை எடுத்து வேறொரு கணினியில் விரித்து, டேலியில் திறந்து, டிரையல் பேலன்ஸை அந்தத் தேதி அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். பச்சை விளக்கைப் பார்ப்பது சோதனை ஆகாது.

பேக்கப் பெட்டியை எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இசட் டிரைவா போட்டிருக்கோம், அட்மின் லாகின்லயே. ரேன்சம்வேர் வந்தா பெட்டியும் போயிருமா?
— ஏற்றுமதி நிறுவனம், கரூர்

போய்விடும். ரேன்சம்வேர் என்பது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். இசட் டிரைவாகத் தெரியும் எதையும் அந்த நிரலும் டிரைவாகத்தான் பார்க்கும். அட்மின் அனுமதி இருந்தால் ஸ்நாப்ஷாட்டையும் நீக்கும். இன்றைக்கே இதை மாற்றுங்கள்.

இசட் டிரைவ் இணைப்பை எல்லாக் கணினியிலிருந்தும் எடுங்கள். பேக்கப்புக்கென்றே ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு பேக்கப் நிரலுக்குள் மட்டும் இருக்கட்டும், விண்டோஸ் நினைவில் சேமிக்க வேண்டாம். பெட்டியின் அட்மின் கணக்கு டொமைன் கணக்காக இருக்கக் கூடாது. டொமைன் அட்மின் பாஸ்வேர்டு திருடு போனால் பெட்டியின் சாவியும் சேர்ந்தே போகும். பெட்டியோடு வந்த அட்மின் என்ற பெயருள்ள கணக்கை முடக்கிவிட்டு, வேறு பெயரில் ஒன்றை உருவாக்கி, அதற்கு இரண்டு படிச் சரிபார்ப்பு போடுங்கள்.

விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பை அணையுங்கள். 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரேன்சம்வேர் அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதை அணைத்தால் பழைய ஸ்கேனரோ பிரின்டரோ பெட்டிக்கு ஃபைல் அனுப்ப முடியாமல் போகலாம். அதற்காக ஓட்டையைத் திறந்து வைக்காதீர்கள், ஸ்கேனரை மெயிலுக்கு அனுப்பச் செய்யுங்கள். ரௌட்டரில் பெட்டிக்குப் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வழி) இருந்தால் நீக்குங்கள், அந்த வழியைத் தானாகத் திறக்கும் யுபிஎன்பியையும் அணையுங்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் தாக்கிய க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகள் இணையத்தில் நேராகத் தெரியும்படி வைத்திருந்தவைதான். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால், இணையத்தின் ஊடே பாதுகாப்பான தனி வழி போடும் விபிஎன் வழியாக வாருங்கள்.

கடைசிக் கதவு, மாற்ற முடியாத ஸ்நாப்ஷாட். தினம் ஒன்று, குறைந்தது 30 நாள் பூட்டு. நுழைந்தவர்கள் உடனே தாக்காமல் வாரக்கணக்கில் ஒளிந்திருப்பதும் உண்டு, அதனால் ஏழு நாள் பூட்டு போதாது. பூட்டில் இரண்டு வகை இருக்கும். ஒன்றை அட்மின் திறக்கலாம், மற்றதை எவராலும் திறக்க முடியாது. இரண்டாவதுதான் உண்மையான காவல். ஆனால் தவறுதலாக 30 நாளுக்குப் பதில் 300 என்று அடித்துவிட்டால் அத்தனை நாளும் அந்த இடம் திரும்பாது. அதனால் முதலில் ஒரு சின்ன ஃபோல்டரில் ஒரே நாள் பூட்டாகப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, பிறகு முழுவதற்கும் போடுங்கள்.

ரெண்டு நெட்வொர்க் போர்ட்டையும் சேர்த்துக் கட்டினோம். வேகம் கூடவே இல்லையே?
— தேங்காய் எண்ணெய் ஆலை, பொள்ளாச்சி

அதனால் வேகம் அதிகரிக்காது. போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு இணைப்பு ஒரு போர்ட் வழியாகத்தான் போகும். ஒரே சர்வரிலிருந்து வரும் ஒரு பேக்கப்புக்கு 1 ஜிகாபிட்தான் எல்லை, நொடிக்கு சுமார் 110 எம்பி. நாலு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதினால்தான் பலன் தெரியும். வேகம் வேண்டுமென்றால் 2.5 அல்லது 10 ஜிகாபிட் கார்டும் அதற்கேற்ற சுவிட்சும் வேண்டும். டேட்டாவைப் பெரிய பொட்டலங்களாக அனுப்பும் ஜம்போ ஃபிரேம் என்று 9000 போட்டிருந்தால் சர்வர், சுவிட்ச், பெட்டி மூன்றிலும் போட வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் லாகின் ஆகும், ஃபோல்டர் தெரியும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்கும். துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு 8972 பைட் அளவில் பிங் என்னும் சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். போகவில்லை என்றால் வழக்கமான அளவான 1500-க்கே திரும்பிவிடுங்கள்.

8 டிபி டிஸ்க் நாலு போட்டோம். 32 வரோணும், 21.8-தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?
— ரிக் வண்டி அலுவலகம், திருச்செங்கோடு

இல்லை. நாலு டிஸ்க்கையும் ராய்டு 5 என்ற முறையில் ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். அதில் ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போகும், மீதி 24. டிஸ்க் தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கி எண்ணுகிறார், பெட்டி 1024-ஆல் எண்ணுகிறது. 24 அங்கே 21.8 ஆகிறது. சரியாகத்தான் இருக்கிறது. டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுவது), சிஎம்ஆர் வகையா (தனித்தனித் தடமாக எழுதுவது) என்று மட்டும் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் ஒரு டிஸ்க் போய் மாற்றும்போது மறுகட்டுமானம் மிகவும் இழுக்கும், சில நேரம் பாதியிலேயே தோற்கும்.

மெயின் ஆபீஸ் பெட்டியில இருந்து இன்னொரு ஊர்ல இருக்கிற கிளைப் பெட்டிக்கு நகல் அனுப்பப் பார்க்கிறோம். ரெண்டு பக்கமும் ஃபைபர் லைன். இணைப்பே ஆகலை.
— ஜவுளி மொத்த வியாபாரம், பவானி

பல ஃபைபர் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை. பலருக்கும் ஒரே ஐபியைப் பங்கு போட்டுக் கொடுத்திருப்பார்கள். ரௌட்டரில் காட்டும் வெளி எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அதுதான் நிலை. அப்போது வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பு எதுவும் நுழையாது. கிளைப் பக்கம் மட்டுமாவது நிலையான ஐபி வாங்கி வயர்கார்டு விபிஎன் போடுங்கள். முடியாவிட்டால் டெய்ல்ஸ்கேல் போல இரு பக்கமும் வெளியே நோக்கி இணைந்து சந்திக்கும் வகை விபிஎன் போடுங்கள்.

அனுப்பும் வேகத்தைக் கணக்குப் பாருங்கள். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் 20 ஜிபி மாற்றம் போய்ச் சேர நாலரை மணி நேரம் ஆகும், இரவுக்குள் அடங்கும். முதல் முழு நகல் 2 டிபி என்றால் பதினெட்டு நாளுக்கு மேல் ஆகும். அதை லைனில் அனுப்பாதீர்கள். கிளைப் பெட்டியை மெயின் ஆபீஸுக்கே கொண்டுவந்து, ஒரே சுவிட்சில் இணைத்து முதல் நகலை முடித்து, பிறகு திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். வைக்குமிடத்தில் ஐபி மாறும், அதனால் நகல் வேலையில் ஐபிக்குப் பதில் பெட்டியின் பெயரைப் போட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்காது. பகலில் பில்லிங் மந்தமாகாமல் இருக்க, காலை 9 முதல் இரவு 9 வரை நகல் வேகத்துக்கு 2 எம்பிபிஎஸ் எல்லை வையுங்கள்.

கிளைப் பெட்டியில் குறியாக்கம் போட்டிருந்தால் அதன் சாவியை அச்செடுத்து, பெட்டி இருக்கும் கட்டடத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். சாவி ஃபைலை அதே பெட்டியில் சேமித்தால், பெட்டி போகும் நாளில் சாவியும் போகும். கூடவே, செட்டிங் முழுவதையும் கான்ஃபிகரேஷன் ஃபைலாக ஏற்றுமதி செய்து அதே இடத்தில் ஒரு பென் டிரைவில் போடுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் புது ஏற்றுமதி ஒன்று எடுத்து, ஃபைல் பெயரில் தேதியையும் ஃபர்ம்வேர் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பழைய பதிப்பில் எடுத்த ஃபைலைப் புதுப் பதிப்பு சில நேரம் ஏற்காது.